நூறு காட்டும் நாற்காலி

"இன்னொரு தடவை தூங்குங்க சீனியர்."

சோதனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்ட சீனியர் திடுக்கிட்டு விழித்தார். எதிரே மீட்டர் நின்றிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கலம்மா. கண்ண மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

"வாயத் திறந்துகிட்டா? பரவால்ல, அதே மாதிரி இன்னொரு தடவை யோசிங்க. எனக்கு ஒரு சந்தேகம்."

பல்கலைக்கழகத்தின் சென்சார் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். சீனியருக்கு மாணவர் என்ற சொல் கொஞ்சம் இறுக்கமான சட்டைதான். காதோரம் நரைத்தாகிவிட்டது. அவரோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அதில் சிலர் அதே பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியர்களாகத் திரும்பி வந்து, "என்ன, இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்கள். மீட்டர் வயதில் ரொம்பச் சின்னவள். கையில் எப்போதும் மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கும். மழை பெய்கிறது என்று சொன்னாலும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் அந்தப் பெயர்.

அன்று மதியம் சீனியருக்கு வாய்மொழித் தேர்வு. பல்கலைக்கழகம் போனால் போகிறதென்று கொடுத்த கடைசிக் கால நீட்டிப்பும் அந்த வாரத்தோடு தீர்கிறது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் தலையசைத்தால் டாக்டர். உதட்டைப் பிதுக்கினால் ஏழு வருட உழைப்பும் குப்பைக்கூடைக்கு. அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளியில் கேட்டதற்கு, அவருடைய மகள் "படிக்கிறார்" என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவருக்கு. காலையில் கிளம்பும்போது மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "இன்னைக்காவது முடிச்சிட்டு வந்துடுங்க," என்றாள். கடைக்குப் போகிறவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அவருடைய ஆய்வுப் பொருள் கவன நாற்காலி. அதில் மூளை வழிகாட்டிப் பேராசிரியருடையது, கை சீனியருடையது. கொள்கை எளிமையானது. பேச்சு சலித்துப்போனவன் நெளிவான். கவனமாகக் கேட்கிறவன் அசையாமல் இருப்பான். இருக்கைக்கு அடியில் நாணயம் போன்ற சின்னச் சின்ன சென்சார்களை ஒட்டி, அசைவை அளந்து, அந்த எண்ணைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கவனம் வந்துவிடும். நெளிந்தால் எண் இறங்கும். சிலைபோல இருந்தால் ஏறும்.

எந்த அளவுகோலுக்கும் கீழே ஒரு முனை, மேலே ஒரு முனை வேண்டும் அல்லவா? ஆசிரியர் வராத வகுப்பில் பிள்ளைகள் போடும் ஆட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்தார்கள். முழுக் கவனத்துக்கு எதை வைப்பது என்று விவாதமே நடக்கவில்லை. "என் கிளாஸ வச்சுக்கோ," என்றார் பேராசிரியர். வைத்துக்கொண்டார்கள். பேராசிரியரின் வகுப்பு நூறு. ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே இதுதான்.

அவர் வகுப்பில் அசைவு என்பதே கிடையாது. விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் படங்களைப் போட்டு, மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையோடு பேசுவார். சீனியர் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொள்வார். இப்படியே வருடக்கணக்கில் ஒருவர் திரையைப் பார்த்தார், ஒருவர் எண்ணைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவர்களை யாரும் பார்க்கவில்லை.

"நீங்க தூங்கினப்ப நூறு," என்றாள் மீட்டர். "முழிச்சதும் முப்பது."

சீனியர் மறுபடியும் கண்ணை மூடினார். மதியத் தேர்வை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு எங்கே தூக்கம் வரும்? எண் இறங்கிக்கொண்டே போனது. மீட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேராசிரியரின் பழைய வகுப்பு ஒன்றின் ஒலிப்பதிவைப் போட்டாள். அதன் பிறகு என்ன நடந்தது என்று சீனியருக்குத் தெரியாது. அவள் உலுக்கி எழுப்பியபோது திரையில் நூறு நின்றுகொண்டிருந்தது.

"சீனியர், நாம அளந்தது கவனத்தை இல்ல."

"மெதுவாப் பேசு."

"தூக்கத்தை."

"மெதுவாப் பேசுன்னேன்ல."

வருகிற தேர்வாளர் சாதாரண ஆளாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். அவருக்குக் கல்வி வட்டாரத்தில் கத்தரி என்று பெயர். ஆய்வேடுகளை அவ்வளவு நேர்த்தியாக வெட்டுவார். கண் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதம் வெளியே வராமல் இருந்தவர், சீனியருக்காகவே முதல் பயணமாக மனைவியோடு வருகிறார் என்று பேராசிரியர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அதுமட்டுமில்லை. கருத்தரங்கக் கூடத்து நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் சென்சார் பொருத்தியாகிவிட்டது. பேராசிரியர் அறிமுக உரை ஆற்றும்போது, கூடத்தின் சராசரிக் கவனம் மேடைத் திரையின் மூலையில் பெரிதாகத் தெரியும். கீழே கூடம் முழுக்கக் குறட்டை, மேலே நூறு. இதைப் பார்த்த பிறகு கத்தரிக்கு வேறு என்ன வேண்டும்?

"அப்ப ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் சீனியர். "ஹால்ல ஒருத்தரும் தூங்கக் கூடாது."

தூக்கத்துக்கு மூலகாரணம் எதுவோ அங்கேயே போய்விடுவது என்று முதலில் பேராசிரியரின் அறைக்குப் போனார். சுவரெங்கும் பேராசிரியர் யார் யாரோடோ கைகுலுக்கும் படங்கள். எல்லாவற்றிலும் அவர் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. உரையை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். சீனியர் சுற்றி வளைத்து, தேர்வாளருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் நேரம் குறைவாக இருப்பதையும் சொல்லி, அறிமுகத்தை நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்று இழுத்தார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவாகப் பார்த்தார்.

"நான் பேசிட்டா அதுக்கப்புறம் உன் பேச்சு எடுபடாதுன்னு பயப்படற. சரிதானே?"

"அப்படியும் வச்சுக்கலாம் சார்."

"அட, நான் பேசலேன்னா நூறு எப்படிப்பா வரும்?"

அந்த ஆய்வுக்கூடத்தில் சீனியர் கேட்டதிலேயே அவ்வளவு துல்லியமான அறிவியல் உண்மை வேறு இல்லை. மாணவனுக்குத் தெம்பு கொடுக்க வேண்டும் என்று நினைத்த பேராசிரியர், மனித குலத்தில் நாற்காலியின் வரலாறு என்று ஒரு பகுதியையும் உரையில் சேர்த்துக்கொண்டார். உரை இரண்டு மடங்கானது.

அடுத்து மீட்டர் மென்பொருளில் கை வைத்தாள். அசைவு குறைந்தால் கவனம். அசைவே இல்லாமல் போனால் தூக்கம். அப்போது எண்ணைத் தரையில் இறக்கிவிடு என்று புதிதாக ஒரு கட்டளை எழுதினாள். அன்று காலையிலேயே கருத்தரங்கக் கூடத்தில் பேராசிரியருக்கு வகுப்பு இருந்தது. அதிலேயே சோதித்துப் பார்க்க இருவரும் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தார்கள்.

விளக்கு அணைந்தது. பேராசிரியர் திரையைப் பார்த்துத் திரும்பினார். எண் அறுபது, எண்பது என்று ஏறி, ஒரு கணம் தயங்கி, பிறகு மாடியிலிருந்து விழுந்ததுபோல மூன்றுக்கு வந்து நின்றது.

"வேலை செய்யுது சீனியர்," என்று மீட்டர் கிசுகிசுத்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பேராசிரியரும் பார்த்துவிட்டார். தன் வகுப்பில் மூன்றா? பேச்சை நிறுத்திவிட்டு, சென்சார் எல்லாம் செத்துப்போய்விட்டது என்று அவர் போட்ட சத்தத்தில் வகுப்பே பதறி எழுந்தது. எல்லாரும் அசைந்ததால் எண் நாற்பதுக்கு ஏறியது. அதைப் பார்த்ததும் தன் அதட்டலுக்குக் கருவியே பயந்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். யார் கேட்டு மென்பொருளில் கை வைத்தீர்கள் என்று இருவரையும் ஒரு வாங்கு வாங்கி, தன் கண்ணெதிரே பழையபடி மாற்ற வைத்தார்.

அதோடு விட்டாரா? மதியத்துக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று, அந்த வகுப்பு மொத்தத்தையும் சாப்பிட்ட கையோடு வந்து முன்வரிசைகளில் உட்காரச் சொல்லிவிட்டார். "இந்தப் பசங்கதான் எனக்கு ராசி," என்றார் சீனியரிடம். "ஒரு நாள்கூட நூறுக்குக் கீழ விட்டதில்ல."

நாலைந்து பெரியவர்கள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகவேண்டிய நிகழ்ச்சிக்கு, இப்போது தூங்கித் தேர்ந்த ஒரு படையே வரப்போகிறது. அதுவும் வயிறு நிறைந்த பிறகு.

சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது வழி பிறந்தது. ஆய்வுக்கூடத்து அலமாரியில் பழைய கைப்பேசிகளிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒன்றை வைத்து, சென்சாரோடு நேராக இணைத்துவிட்டால்? உட்கார்ந்திருப்பவர் அசைவற்றுப் போனதும் நாற்காலி லேசாக நடுங்கும். தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். மென்பொருளைத் தொடவே வேண்டாம், பேராசிரியருக்கும் தெரியாது.

"கத்தரி சீட்டுக்கும் வைக்கவா?" என்று கேட்டாள் மீட்டர். அவள் நாற்காலிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சால்டரிங் கம்பியால் மோட்டார்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் ஆன மனுஷன். அவரக் குலுக்கி வச்சேன்னா என்னையச் சுருட்டி வச்சிருவாரு. அது வேணாம்."

கத்தரி வந்தார். நெடுநெடுவென்ற உருவம், கறுப்புக் கண்ணாடி. யாரோடும் பேசவில்லை. மனைவி கையைப் பிடித்து முன்வரிசை நடுவில் உட்கார வைத்துவிட்டு, வாசலோரம் கிடந்த சாதாரண நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கத்தரி இரண்டு கைகளையும் கைத்தடியின் மேல் வைத்து, முகத்தை நேராகத் திரைக்குக் கொடுத்தார். அந்தக் கறுப்புக் கண்ணாடி தன்னைத்தான் பார்க்கிறது என்று மேடையோரம் நின்ற சீனியருக்குத் தோன்றியது. கூடத்தில் எங்கே நின்றாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

விளக்கு அணைந்தது. பேராசிரியர் சபைக்கு முதுகைக் காட்டினார். ஆதிமனிதன் முதன்முதலில் பாறையில் உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்தார்.

பாறை மரமாவதற்குள் எண் எழுபதைத் தாண்டியது. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. அப்போது முதல் நாற்காலி நடுங்கியது.

அதில் இருந்த மாணவன் விழித்தான். நாற்காலி நடுங்கும் என்று யார் நினைப்பார்கள்? பையில் இருக்கும் போன்தான் துடிக்கிறது என்று எடுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. எடுத்ததுதான் எடுத்தோம் என்று பார்த்துக்கொண்டேயிருந்தான். அடுத்தடுத்து எல்லாரும் அப்படியே. சற்று நேரத்தில் இருட்டுக் கூடத்தில் வரிசை வரிசையாக நீல வெளிச்சத்தில் முகங்கள் மிதந்தன. போனைப் பார்க்கிற மனிதன் எவ்வளவு அசையாமல் இருப்பான் என்பதை மீட்டர் கணக்கில் எடுக்கவில்லை. எண் தொண்ணூறைத் தொட்டது. அசைவு நின்றதால் எல்லா நாற்காலிகளும் மறுபடி நடுங்கின. இந்த முறை போன் கையில் இருக்கிறது, அது துடிக்கவில்லை. ஆனாலும் உடம்பு நடுங்குகிறது.

பல்கலைக்கழக நூலகர் நிதானத்துக்குப் பெயர் போனவர். அவர் கைப்பிடியை இறுகப் பற்றி, பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். நூலகர் எழுந்து நின்று, நூலகத்தில் பேசுகிற அதே அடங்கிய குரலில், "நிலநடுக்கம்," என்றார்.

அவ்வளவுதான். முன்வரிசை, பின்வரிசை என்றில்லாமல் எல்லாரும் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். சீனியர் கையை விரித்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் மோட்டார்தான் என்று சொல்லிப் பார்த்தார். அந்த வெள்ளத்தில் அவர் குரல் எடுபடவில்லை; அவரே இரண்டு வரிசை தள்ளிப் போய் நின்றார். பேராசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் கேட்ட இரைச்சலைக் கைத்தட்டல் என்று எடுத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியின் வரலாற்றுக்குப் போனார்.

கூடம் காலியானது. சராசரி என்பது ஆள் இருக்கும் நாற்காலிகளுக்கு மட்டும்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் கத்தரி, கைத்தடியின் மேல் வைத்த கை வைத்தபடி. எண் ஏறிப் போய் நூறில் நின்றது.

"நூறு," என்று பேராசிரியர் வெற்றியோடு திரும்பினார். "விளக்கப் போடுங்கப்பா."

விளக்கு எரிந்தது. காலி நாற்காலிகள் அவரைப் பார்த்தன. சில இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

வாசலோரம் இருந்த அம்மாள் எழுந்து வந்து கத்தரியின் தோளை மெல்லத் தொட்டார். கத்தரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தார் சீனியர். கூடமே எழுந்து ஓடியபோதுகூட அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் இந்த மனிதர். தூங்கி விழுந்த தலைகள், ஏறிய எண், நடுங்கிய நாற்காலிகள், ஒன்றையும் அந்தக் கறுப்புக் கண்ணாடி விட்டிருக்காது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அவர் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால், பட்டம் போனாலும் மானமாவது மிஞ்சும். வீட்டுக்குப் போய் மனைவியிடம், முடிந்துவிட்டது என்று சொல்லலாம். எப்படி முடிந்தது என்பதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சட்டைக் காலரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, கத்தரியின் முன்னால் போய் நின்றார். மீட்டர் வேண்டாம் என்று கையாட்டினாள். அதைப் பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

"சார், அந்த நூறைப் பத்தி நான் ஒரு உண்மை சொல்லணும்."

"இவன் அடக்கமா ஏதோ சொல்ல வர்றான்," என்று பேராசிரியர் மேடையிலிருந்து பாய்ந்து இறங்கினார்.

கத்தரி கையை உயர்த்தினார். இருவரும் நின்றார்கள். நிலநடுக்கம் இல்லை என்று தெரிந்து, வெளியே போனவர்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி," என்றார் கத்தரி. குரல் எதிர்பார்த்ததைவிட இதமாக இருந்தது. "மேடையில நடக்கறத வச்சு முடிவு பண்ற ஆள் நான் இல்ல. வயர் அறுந்து போகும், கருவி மக்கர் பண்ணும், இதெல்லாம் சகஜம். ஆய்வேட்டப் படிக்கறப்ப என்ன நடந்துச்சு, எனக்கு அதுதான் கணக்கு."

சீனியர் ஓரடி நெருங்கி வந்தார்.

"உங்க பேராசிரியர் புத்தகத்தோட ஒரு நாற்காலியையும் அதோட திரையையும் அனுப்பி வச்சிருந்தார். கருவிய நம்பாம அதைப் பத்தின புத்தகத்த எப்படி நம்பறது? அதுல உட்கார்ந்துதான் தினமும் படிச்சேன். எட்டத்துல இருக்கற எழுத்து எனக்கு இன்னும் சரியாத் தெரியாது. அதனால திரையில எண்ணை வீட்டம்மாதான் பார்த்துச் சொன்னாங்க." எழுந்து கையை நீட்டினார். "அத வச்சே முடிவு பண்ணிட்டேன். வாழ்த்துகள் டாக்டர்."

டாக்டர். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம். சீனியருக்குக் கண் மறைத்தது. நாற்காலி பொய்யாக இருக்கலாம், அளவுகோல் கோணலாக இருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய மனிதர், கண் வலியோடு, தினமும் உட்கார்ந்து தன் எழுத்தை வரி வரியாகப் படித்திருக்கிறார். இந்த உலகத்தில் ஒரே ஒருவராவது படித்திருக்கிறார். சொல்ல வந்த உண்மையை விட்டுவிட்டு, நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மீட்டர் மட்டும் கைதட்டவில்லை. அவள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு காட்டியது, எண் எவ்வளவு என்று கத்தரியையும் அவர் மனைவியையும் மாறி மாறிக் கேட்டார்.

அந்த அம்மாள் கணவரின் கைத்தடியை எடுத்துக் கொடுத்தபடியே பெருமையாகச் சிரித்தார்.

"நூறுங்க. முதல் பக்கத்தப் பிரிச்ச உடனே நூறு. நான் கண்ணாடியக் கழட்டி வச்சு, போர்வையப் போத்தி, விளக்க அணைச்சிட்டுப் போனப்பக்கூட ஒரு புள்ளி இறங்கலீங்களே."